கேடயத் தேரைகளின் நாட்டில்

ஹைடல்பெர்க் நகரில் நெக்கர் ஆற்றைப் பார்த்தபடி ஓர் உணவகம். அதன் விலைப்பட்டியலில் மூன்று வரிகள் அடுத்தடுத்து இருந்தன: ஷ்வைனஷ்னிட்செல், யேகர்ஷ்னிட்செல், கிண்டர்ஷ்னிட்செல். ஷ்னிட்செல் என்பது தட்டையாக அடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு. ஷ்வைன் என்றால் பன்றி. ஆகவே முதல் வரியில் குழப்பமில்லை. யேகர் என்றால் வேட்டைக்காரர், கிண்டர் என்றால் குழந்தைகள். பக்கத்து மேசையில் ஓர் அமெரிக்க அம்மையார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் கணவரிடம் பட்டியலை நீட்டி, "பன்றி போதும், மற்ற இரண்டும் பாவம்" என்றார்.

பரிமாற வந்த இளைஞர் இதைத் தினமும் கேட்பவர் போலும். சிரிக்காமல் விளக்கினார். யேகர்ஷ்னிட்செல் வேட்டைக்காரர் பாணியில் காளான் குழம்பு ஊற்றியது. கிண்டர்ஷ்னிட்செல் குழந்தைகளுக்காகச் சின்னதாகப் பொரித்தது. ஒரே ஷ்னிட்செல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட மூன்று பெயர்களும் மூன்று வேலை செய்கின்றன. ஒன்று எதனால் ஆனது என்கிறது, ஒன்று எவர் பாணி என்கிறது, ஒன்று யாருக்கு என்கிறது. அந்த வேலையைச் சொல்லும் சொல்லை ஜெர்மானியர் விழுங்கிவிடுகிறார்கள்.

நம்முடைய இலக்கணப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பெயர்: உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பொற்குடம் என்றால் பொன்னால் செய்த குடம். 'ஆல்' என்ற உருபும் 'செய்த' என்ற பயனும் உள்ளே மறைந்திருக்கின்றன. தேங்காயெண்ணெய் தேங்காயிலிருந்து வருகிறது என்று சொல்லும் அதே வாய், விளக்கெண்ணெய் விளக்கைப் பிழிந்து எடுத்தது என்று சொல்வதில்லை. ஜெர்மானியரின் கடையிலும் ஒலிவெண்ணெய் ஒலிவக்காயிலிருந்து வருகிறது, 'பேபி எண்ணெய்' பேபியிலிருந்து வருவதில்லை. அந்த அம்மையாரிடம் இதை விளக்கெண்ணெய் உதாரணத்தோடு சொன்னேன். அவர் பன்றியையே வாங்கினார்.

இதே ஊரில் 1878 இல் சில மாதங்கள் தங்கியிருந்த இன்னோர் அமெரிக்கர்தான் இந்த விஷயத்தில் எல்லா ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் மூத்த அண்ணன். மார்க் ட்வைன். அவர் 1880 இல் வெளியிட்ட ஐரோப்பியப் பயண நூலின் பின்னிணைப்பில் ஜெர்மன் மொழியை ஒரு பிடி பிடித்திருக்கிறார். சொற்களின் நீளத்தை மட்டும் அவர் திட்டவில்லை. அந்த நீளச் சொற்கள் அகராதியிலும் இருப்பதில்லை, ஒவ்வொன்றையும் உடைத்து உடைத்துத் தேட வேண்டியிருக்கிறது என்பதும் அவருடைய புகார். புகார் நியாயமானது. ஆனால் அகராதிக்காரர் என்ன செய்வார்? நினைத்தபோது நினைத்தவர் ஒட்டிக்கொள்ளும் சொற்களை எந்த அகராதி தாங்கும்? ஹைடல்பெர்க்கின் பழைய பாலத்தின் முனையில் வெண்கலக் குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் ப்ரூக்கன்ஆஃபெ, பாலக்குரங்கு. பாலத்தில் வேறு மிருகத்தை வைத்திருந்தால் அதற்கும் ஒரு சொல் அன்றே பிறந்திருக்கும்.

சொல்லைப் படிக்கும் வழி எளிது. வாலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசித் துண்டுதான் பொருள், முன்னால் இருப்பதெல்லாம் அடைமொழி. ஹாண்ட்ஷூ: கைச்செருப்பு. அதாவது கையுறை. நாம் கைக்கும் காலுக்கும் தலையணைக்கும் ஒரே உறையைப் போடுகிறோம், அவர்கள் கைக்கும் செருப்பு மாட்டுகிறார்கள். கடைசித் துண்டே சொல்லின் பாலையும் முடிவுசெய்கிறது. கை அவர்களுக்குப் பெண்பால், செருப்பு ஆண்பால், ஆகவே கைச்செருப்பு ஆண்பால். உயிரில்லாத பொருள்களையெல்லாம் அஃறிணை என்று ஒதுக்கிவிட்ட நமக்கு இந்த அவஸ்தை இல்லை.

நான் விரைவு ரயில்களைத் தவிர்த்து, வட்டார ரயில்களிலேயே போனேன். 2023 மே மாதம் தொடங்கிய டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தால் நாடு முழுக்க வட்டார ரயில், நகரப் பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். தொடங்கும்போது 49 யூரோ, பிறகு விலை ஏறிவிட்டது. மெதுவாகப் போகும் ரயிலில் பெயர்ப்பலகைகளைப் படிக்க நேரம் கிடைக்கிறது.

ஆங்கிலம் பேசும் பயணிகள் இந்தப் பலகைகளைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் நகைச்சுவைகள் உண்டு. நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் 'அவுஸ்ஃபார்ட்' ஜெர்மனியின் மிகப்பெரிய ஊர் என்று நினைத்தவர் கதை. (வெளியேறும் வழி என்றுதான் அர்த்தம். ஃபார்ட் என்றால் பயணம். ஆங்கிலக் காதில் அது வேறு ஏதோவாக விழுவதால் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.) தெருப் பெயரைக் குறித்துக்கொண்டு காரை நிறுத்திவிட்டுப் போனவர், திரும்பிவந்து 'ஐன்பான்ஷ்ட்ராஸெ' எங்கே என்று கேட்க, அது எல்லாத் தெருமுனையிலும் இருக்கிறதே, ஒருவழிப்பாதை என்று அர்த்தம் என்று போலீஸ்காரர் சொன்ன கதை. நகரமன்றத்தின் வாசலில் 'ராட்ஹவுஸ்' என்று பார்த்து எலிவீடு என்று எண்ணிச் சிரித்தவர் கதை. ராட் என்றால் ஆலோசனை. எலிகள் அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது, அது வேறு விஷயம்.

ரயில் நிலையத்துச் சொற்களுக்குப் பின்னால் பலரும் அறியாத ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் நடைமேடையைப் பெரோன் என்றும் பயணச்சீட்டைப் பில்லெட் என்றும் பெட்டியறையைக் கூபே என்றும் பிரெஞ்சில்தான் சொல்லிவந்தார்கள். ஓட்டோ சாரட்ஸின் என்ற ரயில்வே கட்டட அதிகாரி அவற்றையெல்லாம் மாற்றப் பாடுபட்டார். பான்ஷ்டைக், ஃபார்கார்ட்டெ, ஆப்டைல் என்று இன்று பலகைகளில் நிற்கும் சொற்கள் அந்த முயற்சியின் பலன். பான் என்றால் பாதை, ஷ்டைக் என்றால் ஏறும் வழி. ஃபார்கார்ட்டெ என்றால் பயண அட்டை. எல்லையைத் தாண்டி ஸ்விட்சர்லாந்துக்குள் நுழைந்தால் அதே ஜெர்மன் பேசுகிறவர்கள் இன்னும் பெரோன், பில்லெட் என்றே சொல்கிறார்கள். அந்த அதிகாரியின் ஆணை அங்கே செல்லுபடியாகவில்லை.

அஞ்சல் துறையில் இதே வேலையை ஹைன்ரிஹ் ஃபோன் ஷ்டெஃபான் செய்தார். பேரரசின் அஞ்சல் தலைவராக இருந்து நூற்றுக்கணக்கான பிறமொழிச் சொற்களை அலுவலகத்திலிருந்து வெளியேற்றினார். டெலிஃபோனுக்கு வைத்த சொல் ஃபெர்ன்ஷ்ப்ரெஹர். ஃபெர்ன் என்றால் தொலைவு, ஷ்ப்ரெஹர் என்றால் பேசுவது. தொலைபேசி! அவர் வைக்காத வேறு சொற்களும் ஜெர்மனில் இதே அச்சில் உண்டு: தொலைக்காட்சிக்கு ஃபெர்ன்சேயர், தொலைவில் பார்ப்பது. தொலைநோக்கிக்கு ஃபெர்ன்ரோர், தொலைவுக் குழாய். 1916 ஐத் தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்கிற நம் ஊரில், தொலைபேசி என்ற சொல்லைச் செயற்கை என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கேலி உலகப் பொதுவானது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபிலிப் ஃபோன் ட்ஸேஸன் என்ற கவிஞர் அட்ரெஸ் என்ற சொல்லுக்கு 'அன்ஷ்ரிஃப்ட்' என்று வைத்தது நிலைத்துவிட்டது. ஜன்னலுக்கு அவர் வைத்த 'பகல் விளக்குத்தண்டு' நிலைக்கவில்லை. கன்னிமடத்துக்கு 'கன்னியர் கொட்டடி' என்று வைத்தாராம், அதையும் யாரும் சீந்தவில்லை. எந்தச் சொல் பிழைக்கும் என்பதைச் சொல்லை உண்டாக்குபவர் தீர்மானிக்க முடிவதில்லை. தொலைபேசியின் கதையும் அங்கே அப்படித்தான் முடிந்தது. ஃபெர்ன்ஷ்ப்ரெஹர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, மக்கள் டெலிஃபோன் என்றே சொல்கிறார்கள். கைப்பேசிக்கோ 'ஹேண்டி' என்று ஓர் ஆங்கிலச் சொல்லை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயருக்கு அது புரியாது.

நான் போக விரும்பிய ஊர் காசல். அங்கேதான் கிரிம் சகோதரர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள், தேவதைக் கதைகளைத் தொகுத்தார்கள். 1837 இல் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து அரசியல் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டு, வேலையில்லாமல் இருந்தபோது, 1838 இல் ஜெர்மன் மொழிக்குப் பேரகராதி ஒன்றைத் தொகுக்க ஒப்புக்கொண்டார்கள். முதல் தொகுதி 1854 இல் வந்தது. வில்ஹெல்ம் 'டி' எழுத்தை முடித்துவிட்டு 1859 இல் இறந்தார். அண்ணன் யாக்கோப் 1863 இல் இறக்கும்போது 'ஃப்ருஹ்ட்', அதாவது பழம் என்ற சொல்லில் இருந்தார். மீதியை அடுத்தடுத்த தலைமுறைகள் எழுதின. கடைசியில் கிழக்கு பெர்லினிலும் மேற்கே கேட்டிங்கனிலும் இருந்த இரண்டு குழுக்கள், நாடு இரண்டாகப் பிளந்திருந்தபோதும் சேர்ந்து வேலைசெய்து, பெர்லின் சுவர் எழுந்த அதே 1961 இல் 32 தொகுதிகளாக முடித்தன. ஒட்டுச் சொற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும் மொழிக்கு அகராதி போடத் துணிந்தால் 123 ஆண்டுகள் ஆகும்.

காசலுக்கு இன்னொரு புகழும் உண்டு. அது வாஷ்பேர்களின் தலைநகரம். கழுவும் கரடி என்று அர்த்தம். வட அமெரிக்காவிலிருந்து வந்த, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்ட, ஆங்கிலத்தில் ரக்கூன் என்று சொல்லும் விலங்கு. 1934 இல் பக்கத்தில் உள்ள ஏடர் ஏரிக் காட்டில் இரண்டு ஜோடிகளைத் திறந்துவிட்டார்கள். இப்போது அவற்றின் சந்ததிகள் காசல் நகரக் கூரைகளில் குடும்பம் நடத்துகின்றன. தண்ணீரில் இரையைத் துழாவும் பழக்கத்தைப் பார்த்துக் கழுவுகிறது என்று நினைத்து வைத்த பெயர். அது கரடியுமில்லை.

விலங்குகளின் பெயர்களில்தான் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அடக்கமுடியாமல் சிரிக்கிறார்கள். ஆமை அவர்களுக்கு ஷில்ட்குரோட்டெ, கேடயத் தேரை. மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் ஃபவுல்டியர், சோம்பேறி விலங்கு. ஸ்கங்க் நாற்ற விலங்கு. பிளாட்டிபஸ் அலகு விலங்கு. ஓடில்லாத நத்தை அம்மண நத்தை. குழந்தை ஒன்று விலங்கியல் பூங்காவில் விரலை நீட்டி நீட்டிப் பெயர் வைத்துப்போனதுபோல இருக்கிறது. ஆனால் முள்ளம்பன்றியைப் பாருங்கள். ஜெர்மனில் ஷ்டாஹெல்ஷ்வைன்: ஷ்டாஹெல் முள், ஷ்வைன் பன்றி. அங்கும் இங்கும் அது பன்றியில்லை. கடற்குதிரை அங்கேயும் கடற்குதிரைதான். நீர்யானையை அவர்கள் நைல் குதிரை என்கிறார்கள். நாம் யானை என்றோம், அவர்கள் குதிரை என்றார்கள், அது இரண்டுமில்லை. இதில் ஆங்கிலேயர் சிரிக்க என்ன இருக்கிறது? அவர்களுடைய ஹிப்பொபொட்டாமஸ் கிரேக்கத்தில் ஆற்றுக்குதிரை. ரைனோசெரஸ் மூக்குக்கொம்பு, ஜெர்மனில் நாஸ்ஹோர்ன், அதே மூக்குக்கொம்பு. ஆங்கிலம் தன் ஒட்டுச் சொற்களைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் சுற்றி, மேலே ஒரு கௌரவ முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. முடிச்சை அவிழ்க்காதவரை அது கம்பீரமாக இருக்கிறது.

மருந்துக்கடையில் இது இன்னும் தெளிவாகும். தொண்டை கட்டிக்கொண்டு நான் காசல் நகரத்து மருந்துக்கடைக்குப் போனபோது, சுவரில் அந்தக் கட்டடத்தில் இருக்கும் மருத்துவர்களின் பலகை இருந்தது. பல் மருத்துவர், கண் மருத்துவர், தோல் மருத்துவர், குழந்தை மருத்துவர், பெண்கள் மருத்துவர். ஒன்றுக்கும் அகராதி தேவைப்படவில்லை, வார்த்தைக்கு வார்த்தை நம் ஊர்ப் பலகைதான். நிமோனியா அவர்களுக்கு நுரையீரல் அழற்சி. மருத்துவமனை நோயாளி வீடு. பல் ஈறு மட்டும் 'பல்லிறைச்சி'. மருந்துக்கடைப் பெண்மணி என் தொண்டைக்கு மாத்திரை கொடுத்தபோது அந்தப் பெட்டிமேல் 'தொண்டை வலி' என்றே எழுதியிருந்தது. ஃபாரிஞ்சைட்டிஸ் என்று எழுதிப் பயமுறுத்தவில்லை.

'ட்ஸோய்க்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு நம் பேச்சுவழக்கில் உள்ள 'சாமான்' அச்சாகப் பொருந்தும். விளையாட்டுச் சாமான் அவர்களுக்கும் ஷ்பீல்ட்ஸோய்க், விளையாட்டுச் சாமான்தான். அத்தோடு நின்றார்களா? விமானம் பறக்கும் சாமான். சிகரெட் லைட்டர் நெருப்புச் சாமான். டிரம்ஸ் அடிக்கும் சாமான். பல்பு ஒளிரும் பேரிக்காய். பேரிக்காய்க்குச் சிரிக்கிற ஆங்கிலேயருக்கு ஒரு தகவல்: அவர்களுடைய பல்பு என்ற சொல்லின் மூலம் கிரேக்கத்தில் வெங்காயம்.

எல்லாச் சொல்லும் திறந்த புத்தகம் என்று நம்பிவிடக் கூடாது. கிஃப்ட் என்றால் ஜெர்மனில் விஷம். கொடுப்பது என்ற பழைய அர்த்தத்திலிருந்து, கொடுக்கும் மருந்து, அதிலிருந்து விஷம் என்று இறங்கிவிட்டது. பழைய அர்த்தம் ஒரே ஒரு ஒட்டுச் சொல்லில் பிழைத்திருக்கிறது: மிட்கிஃப்ட். மிட் என்றால் உடன். பெண்ணோடு உடன் கொடுத்தனுப்புவது, வரதட்சணை. இன்றைய ஜெர்மனில் பிரித்துப் படித்தால் 'உடன் வரும் விஷம்'. இந்த ஒரு சொல்லை மட்டும் நாம் கடன் வாங்கலாம்.

தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர், அறுபது வயதுப் பெண்மணி, என் ஆர்வத்தைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: ப்ளூமன்டாப்ஃப்ஏர்டெ. "வாசியுங்கள் பார்ப்போம்" என்றார். சரியாகப் பிரித்தால் பூத்தொட்டி மண். அவசரத்தில் பிரித்தால் ப்ளூமென்டோ குதிரைகள், ஏதோ ஒரு ப்ளூமென்டோ என்ற ஊரில் திரியும் குதிரைகள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிவழியாக வரும் வேடிக்கை இது. ஷ்டாவ்பெக்கன் என்றால் நீர்த்தேக்கம், அதையே ஷ்டாவ்ப் எக்கன் என்று உடைத்தால் தூசி மூலைகள். ஆதி உள்ளுணர்வு என்ற சொல்லைத் தவறாக உடைத்தால் 'மூத்திரம் நாறுகிறது' என்று வந்துவிடும். இதற்கும் நமக்கு இலக்கணம் இருக்கிறது. தனித்து நின்றால் ஒரு பொருள், பிரிந்து நின்றால் வேறு பொருள் தரும் சொல் பொதுமொழி. வேங்கை புலியும் ஆகும், வேகும் கையும் ஆகும். தாமரை பூவும் ஆகும், தாவும் மானும் ஆகும். காகிதத்தின் மறுபக்கத்தில் நான் தாமரையைத் தமிழில் எழுதி, பிரித்துக் காட்டினேன். அவர் அதை வரவேற்பு மேசைக்குப் பின்னால் குத்திவைத்தார்.

காசலிலிருந்து கிழக்கே ஹாலே. இங்கே நான் போனது ஓலைச்சுவடிக்காக. 1698 இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கெ தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் சேர்ந்த பெரிய வளாகம் அது. அதன் மாடியில் ஒரு 'வுண்டர்காமர்', அதிசய அறை. உத்தரத்திலிருந்து முதலை ஒன்று தொங்குகிறது. இங்கே படித்த பார்த்தொலொமேயஸ் ட்ஸீகன்பால்க் 1706 இல் தரங்கம்பாடியில் கால் வைத்தார். நாம் சீகன்பால்கு என்று சொல்லும் அதே பாதிரியார். ட்ஸீக என்றால் வெள்ளாடு, பால்க் என்றால் உரித்த தோல். ஆட்டுத்தோல் ஐயர்! முந்நூறு ஆண்டுகளாக அந்தப் பெயரை நாம் மரியாதையோடு சொல்லிவருகிறோம், அர்த்தம் கேட்டவர் குறைவு.

அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் ஹாலேயின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. ஓலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டம். அதைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டு, லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார் ட்ஸீகன்பால்க். அது 1716 இல் இதே ஹாலேயில் அச்சானது. ஆங்கிலேயர் ஒருவரைவிட ஒட்டுச் சொல்லில் வளர்ந்த ஜெர்மானியருக்கு அந்த வேலை கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்லன்பர்க் ஃபோர்பொமர்ன் மாநிலத்தில் 1999 இல் ஒரு சட்டம் வந்தது. மாட்டிறைச்சிக்கு ஒட்டும் விவரச்சீட்டைக் கண்காணிக்கும் பொறுப்பை ஒப்படைப்பதற்கான சட்டம். பைத்தியமாட்டு நோய் பரவிய காலம். ஜெர்மனில் அதன் பெயர் ஒரே சொல், 63 எழுத்து. 2013 இல் சட்டத்தை நீக்கியபோது உலகப் பத்திரிகைகள் சொல்லுக்கு இரங்கல் செய்தி எழுதின. அதை நீளம் என்பவர்கள் நம் ஊர்ச் சுவரொட்டியைப் பார்க்க வேண்டும். 'அரசுப் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர் நலச்சங்க மாவட்டச் செயற்குழு உறுப்பினர்' என்பதும் அதே கூட்டுதான். நாம் நடுவில் மூச்சுவிட இடம் விடுகிறோம், அவர்கள் விடுவதில்லை. ஆங்கிலமும் இடம் விட்டுவிட்டு எழுதுவதால்தான் தன் நீளத்தைத் தானே அறியாமல் இருக்கிறது.

போகிறவர்கள் மற்ற எதையும் பிரித்துப் படித்துக்கொள்ளலாம், ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: ஷீனன்எர்சாட்ஸ்ஃபெர்கேர். தண்டவாளம், பதில், போக்குவரத்து. பலகையில் இது தெரிந்தால் நடைமேடையில் காத்திருக்காதீர்கள், ரயில் வராது. நிலையத்துக்கு வெளியே வந்து பேருந்தைத் தேடுங்கள்.